கார் கணினிக்குச் சொந்தத் தொடக்கத் திரை அமைப்பது எப்படி?

காரின் டேஷ்போர்டில் கணினியைப் பொருத்துகிறவர்கள் வயரிங், மின்வழங்கி, தொடுதிரை, ஒலிப்பெருக்கி என்று மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, சாவியைத் திருப்பியதும் திரையில் முதலில் தெரிவது எது என்பதைப் பெரும்பாலும் கடைசிவரை கவனிப்பதில்லை. மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள், விண்டோஸ் அல்லது லினக்ஸின் அடையாளம், வெறும் மேசைத்திரை, இறுதியாகக் கார் மென்பொருள் என்று ஒவ்வொன்றும் வேறுவேறு நிறத்திலும் அளவிலும் வந்து போகும்போது, எவ்வளவு நேர்த்தியாகப் பொருத்திய திரையும் டேஷ்போர்டுக்குள் திணித்த மேசைக் கணினியாகவே தோன்றுகிறது. இவற்றில் ஒன்றை மட்டும் அழகான படமாக மாற்றுவதால் பயன் குறைவு. முதல் ஒளியிலிருந்து கார் மென்பொருள் திறக்கும் வரை ஒரே படம் அசையாமல் நிற்பதுபோல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கீழே சொல்லும் வேலைகள் அனைத்தும் அந்த ஒரு நோக்கத்துக்காகவே.

எந்தக் கோப்பையும் தொடுவதற்கு முன், கைப்பேசியைத் திரைக்கு நேராக நிறுத்தி, சாவியைத் திருப்புவது முதல் கார் மென்பொருள் திறப்பது வரை காணொளியாகப் பதிவு செய்யுங்கள். அதை மெதுவாக ஓட்டிப் பார்த்து, எந்தத் திரை எத்தனை நொடி நிற்கிறது என்று ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்க்கும்போது மூன்று திரைகள் என்று நினைத்த இடத்தில் ஆறோ ஏழோ இருப்பது இப்போதுதான் தெரியவரும். சில மானிட்டர்கள் கணினியிலிருந்து சமிக்ஞை வருவதற்கு முன்பே தம் சொந்தச் சின்னத்தைக் காட்டுவதும் உண்டு. அரை நொடிக்கும் குறைவாக நிற்கும் திரைகளில் படம் வைக்க முயலாமல் அவற்றை வெறும் கறுப்பாக்கிவிடுவதே நல்லது, ஏனெனில் அவ்வளவு குறுகிய நேரம் தோன்றும் படம் கண்ணுக்கு ஒரு மின்னலாகத்தான் படும். இரண்டு நொடிக்கு மேல் நிற்பவை மட்டுமே உங்கள் உழைப்புக்கு உரியவை.

படத்தைத் தயாரித்தல்

பின்னணி கறுப்பாக இருக்கட்டும். இது வெறும் ரசனை சார்ந்த கருத்து அன்று. இரவில் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு முன்னால் ஏழு அங்குல வெள்ளைத் திரை திடீரென்று ஒளிர்ந்தால் ஓட்டுநருக்குச் சில நொடிகள் சாலை மங்கிவிடும். அதோடு, ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில் காட்சி அட்டை எப்படியும் கறுப்பைத்தான் காட்டும் என்பதால், கறுப்புப் பின்னணி அந்த இடைவெளியைத் தானாகவே மறைத்துவிடுகிறது. சின்னத்தை அகலவாக்கில் நடுவில் சிறிதாக வையுங்கள். மெல்லிய கோடுகளும் சிறிய எழுத்துகளும் பகல் வெயிலில் காணாமல் போய்விடும்.

நிற மாற்றங்களில் எச்சரிக்கை தேவை. கார்களுக்கென விற்கப்படும் மலிவான திரைகளில் பல, ஒவ்வொரு வண்ணத்துக்கும் 6 பிட் மட்டுமே கொண்டவை. அதாவது அவற்றால் உண்மையில் காட்ட முடிவது 2,62,144 நிறங்கள்தான். கணினித் திரையில் பட்டுப்போல் தெரிந்த சாம்பல் நிறப் படிமாற்றம் அங்கே படிக்கட்டுகளாகப் பிரிந்து தெரியும். படிமாற்றம் வேண்டுமென்றே விரும்பினால், படத்தொகுப்பு மென்பொருளில் அதன்மீது மிக இலேசாகப் புள்ளி இரைச்சலைத் தூவுங்கள்; படிகள் கலங்கி மறையும். சாய்வாகப் பார்த்தால் நிறம் மாறித் தெரியும் டிஎன் வகைத் திரையாக இருந்தால், அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து, அதாவது சாய்ந்த கோணத்தில் பார்த்துத்தான் நிறங்களை முடிவு செய்ய வேண்டும், நேராக நின்று பார்த்து அல்ல.

அடுத்தது நீள அகல விகிதம். பழைய ஏழு அங்குலத் திரைகள் பெரும்பாலும் 800க்கு 480 பிக்சல், புதியவை 1024க்கு 600 அல்லது 1280க்கு 720. கணினி தொடங்கும் முதல் நொடிகளில் காட்சி அட்டைக்குரிய இயக்கி (டிரைவர்) இன்னும் ஏற்றப்படாததால், மதர்போர்டின் சிப்பிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான ஃபர்ம்வேர் 640க்கு 480, 800க்கு 600, 1024க்கு 768 போன்ற வழக்கமான அளவுகளில் ஒன்றையே தேர்ந்தெடுக்கக்கூடும். திரை அதைத் தன் முழுப் பரப்புக்கும் இழுத்து நிரப்பும். 640க்கு 480 படம் 800க்கு 480 திரையில் விழும்போது அகலம் மட்டும் 1.25 மடங்காகிறது, வட்டச் சின்னம் முட்டையாகிறது. இதற்கு எளிய தீர்வு, படத்தை முதலில் 800க்கு 480 அளவில் சரியான உருவத்தோடு வரைந்து முடித்து, சேமிக்கும்போது உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் 640ஆகச் சுருக்குவது. கோப்பில் ஒல்லியாகத் தெரியும் சின்னம் காரில் சரியான வட்டமாக வந்து நிற்கும். எந்தக் கட்டத்தில் எந்த அளவு பயன்படுகிறது என்பதை மானிட்டரின் தகவல் பட்டியிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

சின்னத்தை எங்கே வைப்பது என்பதற்கு மைக்ரோசாஃப்டின் வழிகாட்டுதலையே நான் எல்லா அமைப்புகளுக்கும் பின்பற்றுகிறேன். கணினித் தயாரிப்பாளர்களின் சின்னம் திரையின் மேல்விளிம்பிலிருந்து 38.2 விழுக்காடு உயரத்தில் மையம் கொள்ள வேண்டும் என்றும், திரையின் அகலத்திலும் உயரத்திலும் 40 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் அது சொல்கிறது. 480 பிக்சல் உயரத் திரையில் அந்த மையம் 183ஆவது வரியிலும், 600 பிக்சல் திரையில் 229ஆவது வரியிலும், 720 பிக்சல் திரையில் 275ஆவது வரியிலும் அமையும். இந்த ஓர் எண்ணை எல்லாக் கட்டங்களிலும் பிடித்துக்கொண்டால், அமைப்புகள் மாறும்போது சின்னம் குதிக்காது.

ஃபர்ம்வேரின் சின்னம்

சங்கிலியின் முதல் கண்ணி மதர்போர்டின் ஃபர்ம்வேர். இதை மாற்றுவதுதான் மிகவும் ஆபத்தானது; ஆகவே இதைக் கடைசியாக, அதுவும் உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் செய்யுங்கள். சில தயாரிப்பாளர்கள் சின்னத்தை மாற்றுவதற்கென்றே கருவி தருகிறார்கள்; இன்டெல் தன் மேசைக் கணினி போர்டுகளுக்கு அப்படியொரு கருவித்தொகுப்பை வழங்கியது. அத்தகைய அதிகாரபூர்வமான வழி உங்கள் போர்டுக்கு இருந்தால், அது கேட்கும் பட அளவையும் கோப்பின் எடை வரம்பையும் எழுத்துக்கு எழுத்து பின்பற்றிச் செய்யலாம். அந்த வழி இல்லாதபோது ஃபர்ம்வேர் கோப்பைப் பிரித்து, படத்தை மாற்றி, திரும்ப எழுதும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2023 டிசம்பரில் வெளியான லோகோஃபெயில் என்னும் பாதுகாப்புக் குறைபாடுகள், ஃபர்ம்வேரில் சின்னப் படத்தைப் படிக்கும் நிரல் பகுதியே பல தயாரிப்புகளில் பலவீனமாக இருப்பதை வெளிப்படுத்தின. அதனால் வேறு எதையும் செய்வதற்கு முன் தயாரிப்பாளர் வெளியிட்ட சமீபத்திய ஃபர்ம்வேரை நிறுவிக்கொள்வது முறையானது.

எழுதியே ஆக வேண்டுமென்றால் போர்டைக் காரிலிருந்து கழற்றி, மேசையில் வைத்து, நிலையான மின்சாரத்தில் எழுதுங்கள். காரின் மின்கலத்தை நம்பி எழுதும்போது, எழுதி முடிவதற்குள் மின்வழங்கி தன் நேரக்கணக்குப்படி மின்சாரத்தைத் துண்டித்துவிடக்கூடும். என்னுடைய ஒரு போர்டு அப்படித்தான் செயலிழந்தது. பிறகு சிப்பின் கால்களில் கவ்வியைப் பொருத்தி, வெளிக்கருவி மூலம் பழைய ஃபர்ம்வேரை எழுதித்தான் அதை மீட்க முடிந்தது, அதற்கும் முன்பே எடுத்து வைத்திருந்த காப்புப்பிரதி கைகொடுத்தது. அந்தக் காப்புப்பிரதி இல்லாமல் இந்தக் கட்டத்தில் இறங்காதீர்கள்.

மாற்ற முடியாத சின்னத்தை மறைக்க இரண்டு எளிய வழிகள் உள்ளன. ஃபர்ம்வேர் அமைப்பில் விரைவுத் தொடக்கத்தை இயக்கினால் அந்தச் சின்னம் நிற்கும் நேரம் பெருமளவு குறையும். அல்லது, திரைக்குப் போகும் மின்சாரத்தை ஒரு நேரத்தாமத ரிலே வழியாகச் செலுத்தி, மூன்று நான்கு நொடி கழித்துத் திரை ஒளிரும்படி செய்யலாம். ஆனால் பின்னோக்குக் கேமராவும் அதே திரையில்தான் தெரிகிறது என்றால் இரண்டாவது வழி வேண்டாம். கிளம்பியவுடன் பின்னால் எடுக்க நேரும் ஓட்டுநருக்கு அந்த மூன்று நொடி இருட்டு ஏற்கத்தக்கதன்று.

விண்டோஸ் 8 முதல்

புதிய விண்டோஸில் தொடக்கப் படத்தை விண்டோஸ் கோப்புகளுக்குள் தேடுவது வீண் வேலை. யுஇஎஃப்ஐ என்ற புதிய ஃபர்ம்வேர் முறையில் தொடங்கும் கணினியில், ஃபர்ம்வேர் தான் காட்டிய சின்னத்தையும் அது திரையில் நின்ற இடத்தையும் பிஜிஆர்டி என்ற அட்டவணையாக நினைவகத்தில் விட்டுச்செல்கிறது. விண்டோஸ் அதை எடுத்து அதே இடத்தில் மீண்டும் காட்டி, கீழே சுழலும் புள்ளிகளைச் சேர்க்கிறது. ஆகவே விண்டோஸ் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அந்த அட்டவணையில் நம் படத்தை வைத்துவிட்டால் போதும். ஹேக்பிஜிஆர்டி என்ற திறமூல மென்பொருள் செய்வது இதைத்தான். ஃபர்ம்வேர் சிப்பில் அது எதையும் எழுதுவதில்லை. வட்டின் தொடக்கப் பிரிவில், இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் ஒரு சிறிய ஏற்றியை மட்டும் வைக்கிறது. எனவே தவறு நேர்ந்தாலும் போர்டுக்குச் சேதமில்லை.

படத்தை 24 பிட் பிஎம்பி கோப்பாகச் சேமித்து, நிறுவியை நிர்வாகி உரிமையோடு இயக்கி, அது திறக்கும் அமைப்புக் கோப்பில் படத்தின் பெயரும் இடமும் சரியாக உள்ளனவா என்று பார்த்து, மறுதொடக்கம் செய்யுங்கள். அதற்கு முன்னால் கவனிக்க வேண்டியவை இரண்டு. விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் இயங்கினால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, மீட்புச் சாவியைக் காருக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால் அடுத்த தொடக்கத்தில், தட்டச்சுப்பலகை இல்லாத டேஷ்போர்டில் 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். நம்பத்தக்க ஏற்றிகளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கினால், புதிய ஏற்றியை நம்பத்தக்கதாகப் பதிவுசெய்யும் கூடுதல் படியைத் தொடுதிரையில் செய்ய முடியாது என்பதால், யுஎஸ்பி தட்டச்சுப்பலகை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். வாய்ப்பிருந்தால் அந்த ஏற்பாட்டோடு செக்யூர் பூட்டை இயங்கவிடுவதே என் பரிந்துரை.

சுழலும் புள்ளிகள் வேண்டாம் என்றால், விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் பிசிடிஎடிட் கட்டளையால் குளோபல் செட்டிங்ஸ் பகுதியில் 16000069 என்ற எண்ணுள்ள தனிப்பயன் அமைப்பை உண்மை என்று மாற்றினால் அவை மறையும். 16000067 விண்டோஸின் சின்னத்தையும், 16000068 தொடக்கச் செய்திகளையும் மறைக்கும். செய்திகளை மறைப்பதில் மட்டும் நிதானம் தேவை: புதுப்பிப்பு நடந்துகொண்டிருப்பதைத் திரை சொல்லாவிட்டால், கணினி உறைந்துவிட்டதாக நினைத்து யாரேனும் சாவியை அணைத்துவிடக்கூடும்.

தொடக்கத் திரையோடு வேலை முடிவதில்லை. பூட்டுத்திரைப் படத்தையும் மேசைத்திரைப் பின்னணியையும் அதே கறுப்பும் அதே சின்னமும் கொண்ட படமாக மாற்றி, மேசைத்திரையிலுள்ள ஐகான்களை மறைத்து, பணிப்பட்டையைத் தானாக ஒளியவிட்டு, கடவுச்சொல் கேட்காமல் உள்நுழையும்படி அமைத்தால், கார் மென்பொருள் திறக்கும் வரை அந்தப் படம் கலையாது. கார் மென்பொருளுக்கே சொந்தத் தொடக்கப் படம் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

லினக்ஸும் ராஸ்ப்பெர்ரி பையும்

தொடக்கத் திரையைப் பொறுத்தவரை, கட்டுப்பாடு முழுதும் நம் கையில் இருப்பது லினக்ஸில்தான். அங்கே இந்த வேலையைச் செய்வது பிளைமவுத் என்ற மென்பொருள். 2008இல் வெளியான ஃபெடோரா 10இல் முதன்முதலாக இடம்பெற்ற இது, இன்று பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளில் உள்ளது. சாதாரணக் கணினி போர்டில் லினக்ஸ் நிறுவியிருந்தால் முதலில் கிரப் ஏற்றியின் காத்திருப்பு நேரத்தைச் சுழியாக்கி, பட்டியலை மறைத்து, அதன் காட்சி அளவைத் திரைக்கு உரியதாகக் கொடுத்து, அதே அளவை லினக்ஸின் மைய நிரலான கர்னலும் தொடரும்படி 'கீப்' என்ற மதிப்பைக் கொடுங்கள். இந்தக் கடைசி அமைப்பை விட்டுவிட்டால் கிரப்புக்கும் பிளைமவுத்துக்கும் இடையே திரை ஒருமுறை அணைந்து எரியும்.

பிளைமவுத் கருப்பொருள் என்பது ஒரு கோப்புறை, அவ்வளவுதான். அதற்குள் கருப்பொருளின் பெயரையும் அது பயன்படுத்தும் செருகுநிரலையும் சொல்லும் ஒரு விவரக் கோப்பு, படத்தை எங்கே எப்படி வைப்பது என்று சொல்லும் ஒரு நிரல் கோப்பு, பிஎன்ஜி வடிவில் சின்னம் ஆகியவை இருந்தால் போதும். நிரலில் செய்ய வேண்டிய கணக்கும் சிறியது: திரையின் அகலத்திலிருந்து படத்தின் அகலத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் இடப்பக்கத் தூரம், திரையின் உயரத்தை 0.382ஆல் பெருக்கி, படத்தின் உயரத்தில் பாதியைக் கழித்தால் மேல்பக்கத் தூரம். நேரடி எண்களை எழுதாமல் இப்படிக் கணக்காக எழுதினால், நாளை திரையை மாற்றினாலும் சின்னம் தன் இடத்திலேயே நிற்கும். அசைவு வேண்டுமென்றால், நொடிக்கு 50 முறை வரை அழைக்கப்படும் புதுப்பிப்புச் செயல்கூறில் சின்னத்தின் ஒளிபுகு அளவை மெல்ல ஏற்றி இறக்கலாம். அதற்கு மேற்பட்ட அசைவு ஓட்டுநரின் கண்ணைச் சாலையிலிருந்து இழுக்கும் என்பதால் நான் அதை வைப்பதில்லை.

கருப்பொருளை இயல்பானதாகத் தேர்ந்தெடுத்த பிறகு, தொடக்க நினைவகப் படிமத்தை (இனிட்ராம்எஃப்எஸ்) புதிதாக உருவாக்க மறக்கக் கூடாது. பிளைமவுத் வட்டிலிருந்து அன்றி அந்தப் படிமத்திலிருந்துதான் முதலில் இயங்குகிறது. மாற்றம் செய்தும் பழைய படமே வருகிறது என்றால், காரணம் பெரும்பாலும் இந்த விடுபட்ட படிதான். யுஇஎஃப்ஐ கணினிகளுக்கு இன்னொரு சுருக்குவழியும் உண்டு: பிஜிஆர்டி என்ற பெயரிலேயே உள்ள பிளைமவுத் கருப்பொருள், ஃபர்ம்வேர் காட்டிய சின்னத்தை அப்படியே எடுத்துத் தொடர்கிறது. ஃபர்ம்வேர் சின்னத்தை முறைப்படி மாற்ற முடிந்த போர்டு என்றால், தனிக் கருப்பொருளே தேவையில்லை.

ஒற்றைப் பலகைச் சிறு கணினியான ராஸ்ப்பெர்ரி பையில் சங்கிலி சற்று வேறுபடும். முதலில் தோன்றும் வானவில் சதுரத்தை நீக்க, தொடக்கப் பிரிவிலுள்ள கான்ஃபிக் உரைக்கோப்பில் டிஸேபிள் ஸ்பிளாஷ் என்ற அமைப்புக்கு 1 என்ற மதிப்பைக் கொடுங்கள். செயலியின் ஒவ்வோர் உட்கருவுக்கும் (கோர்) ஒன்றாகத் தோன்றும் ராஸ்ப்பெர்ரிப் பழங்கள், ஓடும் எழுத்துகள், மினுக்கும் சுட்டி ஆகிய மூன்றையும் சிஎம்டிலைன் கோப்பு கட்டுப்படுத்துகிறது: அதிலுள்ள ஒரே வரியின் இறுதியில், வரியை உடைக்காமல், லோகோ வேண்டாம் என்பதற்கும், அமைதியாகத் தொடங்கு என்பதற்கும், சுட்டியை மறை என்பதற்கும் உரிய அளபுருக்களைச் சேர்த்து, செய்திகள் போகும் முனையத்தை ஒன்றிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் திரை சுத்தமாகிவிடும். அந்தக் கோப்பு இரண்டு வரிகளாகப் பிரிந்தால் பை தொடங்காமல் போகலாம், ஆகவே திருத்தும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் தலைமுறை முதல், பையின் சொந்த ஏற்றி ஒரு தகவல் திரையைக் காட்டக்கூடும். அதையும் ஏற்றியின் அமைப்பில் அணைக்கலாம். பிறகு பிளைமவுத் மேலே சொன்னபடியே.

கார் மென்பொருள் திறக்கும் தருணத்தில் பிளைமவுத் விலகும்போது ஒரு கணம் கறுப்பு தோன்றும். அது விலகும் கட்டளையோடு, படத்தை அப்படியே விட்டுச்செல்லும் 'ரீட்டெயின் ஸ்பிளாஷ்' தெரிவைச் சேர்த்தால், மென்பொருளின் முதல் சட்டகம் வரையப்படும் வரை சின்னம் திரையில் தங்கும். இந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்த நாளில்தான் என் அமைப்பு முழுமை பெற்றது.

பழைய விண்டோஸ்

இன்னும் எக்ஸ்பியில் ஓடும் கார் கணினிகளுக்கும் வழி இருக்கிறது. 640க்கு 480 அளவில், 16 நிறங்கள் மட்டும் கொண்ட பிஎம்பி படத்தை 'பூட்' என்ற பெயரில் விண்டோஸ் கோப்புறையில் வைத்து, பூட் இனி கோப்பின் அமைப்பு வரியில் நோகுய்பூட், பூட்லோகோ என்ற இரண்டு அளபுருக்களையும் சேர்த்தால் அந்தப் படம் வரும். கோப்பின் எடை சரியாக 1,53,718 பைட்டாக இருந்தால் வடிவம் சரி. கூடினாலோ குறைந்தாலோ சேமித்த முறையில் பிழை இருக்கிறது. விண்டோஸ் 98இல் இது இன்னும் எளிது: 320க்கு 400 அளவில் 256 நிறப் படம், 1,29,078 பைட், 'லோகோ' என்ற பெயரும் எஸ்ஒய்எஸ் என்ற பின்னொட்டும், சி வட்டின் முதல் அடுக்கில். விண்டோஸ் 7இல் படத்தை மாற்றக் கையொப்பமிட்ட கணினிக் கோப்புகளையே திருத்த வேண்டும் என்பதால், காரில் அதைச் செய்யாமல் இருப்பதே மேல்.

காரில் வைத்துச் சோதித்தல்

மேசையில் சரியாக வந்தது காரில் வேறு விதமாக நடக்கலாம். எஞ்சின் சுழலத் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் 12 வோல்ட்டிலிருந்து வெகுவாகச் சரியும். அதைத் தாங்காத மின்வழங்கியில் கணினி மறுதொடக்கமாகி, முதல் சின்னம் இரண்டு முறை தோன்றும். இதைப் படத்தின் குறையாக நினைத்துக் கோப்புகளைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், கார்களுக்கென வடிவமைத்த டிசி மின்வழங்கியைப் பொருத்துங்கள். அதேபோல், சாவியை அணைத்ததும் கணினியை உறங்கவைக்கும் அமைப்பில் தொடக்கத் திரையே வராது. அங்கே எழும்போது முதலில் தெரிவது பூட்டுத்திரை அல்லது கடைசியாகத் திறந்திருந்த மென்பொருள்தான் என்பதால், பூட்டுத்திரைப் படத்துக்குத் தொடக்கப் படத்துக்கு இணையான கவனம் கொடுங்கள்.

பின்னோக்குக் கேமராவை எப்போதும் திரையின் தனி உள்ளீட்டில் இணைத்து, பின்னோக்கு கியரில் எரியும் விளக்கின் மின்கம்பியால் தானாக மாறும்படி வையுங்கள். அப்போது கணினி எந்தக் கட்டத்தில் இருந்தாலும், தொடக்கப் படத்தை விலக்கிக்கொண்டு கேமரா காட்சி வரும். கணினி தொடங்கிக்கொண்டிருக்கும்போதே கியரைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்து, காட்சி உடனே மாறுகிறதா, கியரை எடுத்ததும் படம் மீண்டும் தன் இடத்துக்கு வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். எல்லாம் முடிந்தபின், இரவில் ஒருமுறையும் உச்சி வெயிலில் ஒருமுறையும் அதே கைப்பேசியில் மீண்டும் காணொளி எடுத்து, முதல் நாள் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். எந்த வரிக்கு நேராக இன்னும் ஒரு வெண்ணிற மின்னலோ சின்னத்தின் குதிப்போ தெரிகிறதோ, அடுத்து திருத்த வேண்டிய கண்ணி அதுவே.